தாமிரபரணிக் கரையில் ஓர் ஈர்ப்பலைக் கருவி

சேரன்மகாதேவியில் ஆற்றங்கரையோரம் ஒரு பெரிய கட்டடம். அங்கிருந்து மேற்கே, காருகுறிச்சியை நோக்கி, 4 கி.மீ. நீளத்துக்கு இம்மியும் வளையாத ஓர் எஃகுக் குழாய். அதே கட்டடத்திலிருந்து வடக்கே, ஆற்றைத் தாண்டி, அதே நீளத்தில் இன்னொரு குழாய். இரண்டும் செங்கோணத்தில் சேர்கின்றன. குழாய்களுக்குள் காற்று கிடையாது. லேசர் ஒளி மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது.

இப்படி ஒன்று நம் பள்ளத்தாக்கில் இல்லை. ஆனால் இருப்பதாக வைத்துக்கொண்டு, அது எதையெல்லாம் கேட்கும் என்று அடுக்கடுக்காகப் பார்ப்போம். ஈர்ப்பலையைக் கண்டுபிடித்த கதையைச் சொல்கிறவர்கள் ஐன்ஸ்டைனில் தொடங்கிக் கருந்துளையில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் ஐம்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பில் பெரும்பங்கு வானத்தைப் பார்த்ததில் போகவில்லை. காலடி மண்ணின் சத்தங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடையாளம் காண்பதில் போயிற்று. தொலைவை அறிய வந்தவர்கள் முதலில் அண்மையை அறிய வேண்டியிருந்தது. அதை விளங்கிக்கொள்ள நாம் நன்கு அறிந்த இடம் ஒன்று வேண்டும். நமக்கு அது நெல்லைச் சீமை.

எது அலைகிறது?

கடலலையில் நீர் அசைகிறது. ஒலியில் காற்று அசைகிறது. ஈர்ப்பலையில் அசைவது வெளிதான். இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள தூரமே கூடிக் குறைகிறது.

1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் பொதுச் சார்பியலை முன்வைத்தார். பொருள்கள் தம்மைச் சுற்றியுள்ள காலவெளியை வளைக்கின்றன. அந்த வளைவில் மற்றப் பொருள்கள் நகர்வதையே நாம் ஈர்ப்பு என்கிறோம். அடுத்த ஆண்டு, 1916-இல், அதே சமன்பாடுகளிலிருந்து இன்னொரு முடிவு வந்தது. கனமான பொருள்கள் ஒன்றையொன்று சுற்றினால் அந்த வளைவின் மாற்றம் ஒளியின் வேகத்தில் நாலாபுறமும் பரவும். அந்த அலை நம்மைக் கடக்கும்போது ஒரு திசையில் தூரத்தை நீட்டும். அதற்குச் செங்குத்தான திசையில் குறுக்கும். அடுத்த நொடிக்கூறில் மாற்றிச் செய்யும். குழாய்களைச் செங்கோணத்தில் வைப்பதற்குக் காரணம் இதுதான்: ஒன்று நீளும் நேரத்தில் மற்றது குறுகும்.

அலை உண்மை என்பதற்கு முதல் சாட்சி மறைமுகமாக வந்தது. 1974-இல் ஹல்ஸ், டெய்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒன்றையொன்று 7 மணி 45 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும் இரண்டு நியூட்ரான் விண்மீன்களைக் கண்டார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தச் சுற்றுக் காலம் ஆண்டுக்கு விநாடியின் பத்து லட்சத்தில் 76 பங்கு வீதம் குறைவது தெரிந்தது. ஆற்றல் எங்கோ போகிறது; ஈர்ப்பலையாகப் போனால் எவ்வளவு குறைய வேண்டுமோ அவ்வளவே குறைகிறது. 1993-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அலையை நேரடியாகப் பிடிப்பது வேறு விஷயம். 1969-இல் ஜோசப் வெபர் பெரிய அலுமினிய உருளைகளை வைத்து ஈர்ப்பலையைப் பிடித்துவிட்டதாக அறிவித்தார். மற்றவர்கள் அதே மாதிரி உருளைகளைச் செய்து பார்த்தார்கள், ஒன்றும் சிக்கவில்லை. வெபர் நேர்மையானவர், முன்னோடி. ஆனால் எது அலை, எது இரைச்சல் என்று பிரிக்கும் கலை அன்று முதிரவில்லை. 1972-இல் ரெய்னர் வைஸ் லேசர் கருவிக்கான தம் திட்டத்தை எழுதியபோது, அந்தக் கருவியை என்னென்ன இரைச்சல்கள் தொந்தரவு செய்யும், ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கும் என்பதைக் கணக்கிட்டு அந்த அறிக்கையிலேயே வரிசைப்படுத்தினார். கருவி பிறப்பதற்கு முன்பே அதன் எதிரிகளின் பட்டியல் பிறந்துவிட்டது.

எவ்வளவு சிறியது?

நம் சேரன்மகாதேவிக் கட்டடத்துக்குள் லேசர் ஒளியை ஒரு கண்ணாடி இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பாதி மேற்கே, ஒரு பாதி வடக்கே. குழாய் முனைகளில் உள்ள கண்ணாடிகளில் பட்டு இரண்டும் திரும்பி வந்து சேர்கின்றன. ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுமாறு தூரத்தைச் சரிசெய்து வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உணரியில் ஏறக்குறைய இருட்டு. தூரங்களில் ஒன்று அணுவளவு மாறினாலும் அந்த இருட்டில் கொஞ்சம் ஒளி கசியும். அந்தக் கசிவுதான் அளவீடு. ஒவ்வொரு குழாயின் தொடக்கத்திலும் இன்னொரு கண்ணாடி வைத்து ஒளியை ஏறத்தாழ 300 முறை அலைக்கழிக்கிறார்கள், 4 கி.மீ. குழாய் 1,200 கி.மீ. குழாய்போல் வேலை செய்கிறது.

இவ்வளவும் எதற்கு? 2015-இல் பிடிபட்ட முதல் அலை ஒரு நீளத்தை மாற்றிய விகிதம், ஒன்றுக்குப் பின்னால் 21 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு. 4 கி.மீ. நீளத்தில் அது ஏற்படுத்தும் மாற்றம் ஒரு புரோட்டானின் குறுக்களவில் ஏறத்தாழ நானூறில் ஒரு பங்கு. இதைப் பிடிக்க வந்த கருவி மற்ற எல்லாவற்றையும் கூடவே பிடிக்கும்.

பள்ளத்தாக்கு எழுப்பும் சத்தம்

முதல் சத்தம் நிலவினுடையது. சந்திரனும் சூரியனும் கடலை மட்டும் இழுப்பதில்லை, தரையையும் இழுக்கின்றன. 4 கி.மீ. நீளத்தில் தரை நாளுக்கு இருமுறை மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு நீண்டு சுருங்கும். மெதுவான மாற்றம் என்பதால் இதைக் கணக்கிட்டுச் சரிசெய்துவிடலாம்.

அடுத்தது கடல். சேரன்மகாதேவியிலிருந்து உவரியும் இடிந்தகரையும் கண்ணுக்குத் தெரியாத தொலைவு. ஆனால் அங்கே அலை அடிக்கும் துடிப்பு பாறை வழியே உள்நாட்டுக்குள் நெடுந்தூரம் பரவும். ஐந்து முதல் பத்து விநாடிக்கு ஒருமுறை தரை மெல்ல ஏறி இறங்கும். உலகில் எந்த மூலையில் நிலநடுக்கமானி வைத்தாலும் இந்தக் கடல் துடிப்பு பதிவாகிறது, கரையருகே அதிகம். மன்னார் வளைகுடா, இந்தியப் பெருங்கடல், அரபிக் கடல் மூன்றும் சூழ்ந்த தென்முனையில் இது ஓயாத சத்தம். அசைவு மைக்ரான் அளவுதான். ஆனால் நாம் தேடும் அசைவைவிட அது இருபத்தைந்தாயிரம் கோடி மடங்கு பெரிது.

பிறகு காற்று. ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் புகுந்து வரும் காற்றை நம்பியே முப்பந்தல், பணகுடி, ராதாபுரம், கயத்தாறு வட்டாரங்களில் காற்றாலைகள் நிற்கின்றன. ஒவ்வொரு கோபுரமும் தன் இறக்கைகளின் தாளத்தைத் தரைக்குள் அனுப்பும். இத்தாலியில் பீசா நகரருகே உள்ள வர்கோ என்ற ஈர்ப்பலைக் கருவிக்கு இந்தச் சிக்கல் நேராகவே வந்தது. அருகிலுள்ள காற்றாலைகளின் நில அதிர்வை அளந்து, எவ்வளவு தூரம் வரை அது தெரிகிறது என்று அந்தக் குழுவினர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள்.

அடுத்து மனிதர்கள். நெல்லையிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் ரயில் சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர் என்று நம் குழாயை ஒட்டியே ஓடும். அம்பாசமுத்திரம் சாலையில் பஸ்கள், அறுவடைக் காலத்தில் நெல் அறுக்கும் எந்திரங்கள், பாபநாசம் நீர்மின் நிலையத்தின் சுழலிகள். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்து லிவிங்ஸ்டனில் உள்ள லைகோ என்ற ஈர்ப்பலைக் கருவிக்கும் அருகே ரயில் பாதை உண்டு. காட்டில் மரம் வெட்டும் சத்தம் உண்டு. ரயில் வரும் நேரம் தரவுகளில் தெரியும்.

இவற்றையெல்லாம் எப்படி அடக்குகிறார்கள்? ஒரு கண்ணாடி 40 கிலோ எடை. அதை நான்கு அடுக்கு ஊசலாகத் தொங்கவிடுகிறார்கள். கடைசி அடுக்கில் 0.4 மி.மீ. தடிமனுள்ள சிலிக்கா இழைகள். ஊசலின் மேல்முனையை அதன் இயல்பான தாளத்தைவிட வேகமாக ஆட்டினால் கீழே தொங்கும் எடை அந்த ஆட்டத்தைப் பின்தொடராது. ஒவ்வோர் அடுக்கும் ஆட்டத்தை நூறில் ஒன்றாகக் குறைக்கும் என்று கொண்டால், நான்கு அடுக்கும் சேர்ந்து பத்துக் கோடியில் ஒன்றாகக் குறைத்துவிடும். அந்த ஊசலையே தாங்கும் மேடை, தரையின் அசைவை உணர்ந்து எதிர்த்திசையில் தன்னைத்தானே நகர்த்திக்கொள்ளும்.

எதிர்பாராத சத்தங்களும் வரும். 2017 கோடையில் வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டில் உள்ள இன்னொரு லைகோ கருவியில் விளங்காத துடிப்புகள் பதிவாயின. தேடிப் போனவர்கள் கண்டது அண்டங்காக்கைகளை. திரவ நைட்ரஜன் குழாயின் மேல் படிந்த பனிக்கட்டியைத் தாகத்தில் கொத்திக்கொண்டிருந்தன. அலகு கொத்திய தடம் பனியில் இருந்தது. அதே தாளம் தரவுகளிலும் இருந்தது. குழாய்க்கு உறை போட்டார்கள்.

மின்னலும் காந்தமும்

நெல்லையை அடுத்த கிருஷ்ணாபுரம் சிற்பங்களுக்குப் பேர்போன ஊர். அங்கே இன்னொரு சொத்தும் உண்டு: இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் நிலநடுக்கோட்டுப் புவி இயற்பியல் ஆய்வகம். பூமியின் காந்த நடுக்கோடு நம் பகுதியை ஒட்டிச் செல்கிறது. அந்தக் கோட்டின் மேல் ஏறத்தாழ 105 கி.மீ. உயரத்தில் பகலில் ஒரு பெரிய மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கும் இதே காந்தக் கோடுதான் காரணம். கிருஷ்ணாபுரத்துக் கருவிகள் அந்த மின்னோட்டத்தால் காந்தப் புலம் நாள்தோறும் ஏறி இறங்குவதைப் பதிவுசெய்கின்றன. 1992 முதல் அங்கே ஒரு ரேடார் மேல் வளிமண்டலக் காற்றுகளை அளந்துவருகிறது.

இந்த ஆய்வகம் ஈர்ப்பலைக்காக நிறுவப்பட்டதல்ல. ஆனால் பூமியின் காந்தத் துடிப்பை அளப்பதில் அது கற்றுக்கொண்டிருக்கும் பாடம் ஈர்ப்பலைக்காரர்களுக்கும் தேவைப்பட்டது. உலகெங்கும் விநாடிக்கு ஏறத்தாழ 50 மின்னல்கள் வெட்டுகின்றன. தரைக்கும் மேலே உள்ள மின்னேறிய காற்றடுக்குக்கும் நடுவே அவற்றின் மின்காந்த அலைகள் பூமியைச் சுற்றிச் சுற்றி வந்து 8, 14, 20 ஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண்களில் ஓயாமல் முழங்குகின்றன. கண்ணாடித் தொங்கலின் மேல் அடுக்குகளில் சிறு காந்தங்கள் உண்டு. இந்த முழக்கம் அவற்றை மிக மிக மெல்லத் தள்ளும்.

தள்ளுவது சிறிதுதான். அதில் உள்ள ஆபத்து வேறு. ரயில் சத்தம் லிவிங்ஸ்டனில் கேட்டால் 3,000 கி.மீ. தள்ளியுள்ள ஹான்ஃபோர்டில் கேட்காது. எனவே இரண்டு இடத்திலும் ஒருசேர வருவதை மட்டும் நம்பலாம் என்பது இத்துறையின் அடிப்படை விதி. மின்னல் முழக்கம் அந்த விதியையே உடைக்கிறது. அது பூமி முழுதும் ஒரே நேரத்தில் இருக்கிறது. எண்ணற்ற கருந்துளை மோதல்கள் சேர்ந்து எழுப்பும் மங்கலான பொது முணுமுணுப்பைத் தேடுகிறவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். அதனால் அவர்கள் ஈர்ப்பலைக் கருவியருகே நுண்ணிய காந்தமானிகளையும் வைத்து, பூமியின் காந்தத் துடிப்பைத் தனியே அளக்கிறார்கள்.

வெளிச் சத்தங்கள் அனைத்தையும் அடக்கினாலும் கருவியின் சொந்தச் சத்தம் மிஞ்சும். கண்ணாடியின் மேற்பூச்சில் உள்ள அணுக்கள் வெப்பத்தால் துடித்துக்கொண்டே இருக்கின்றன. ஜப்பானில் காக்ரா என்ற கருவியை மலைக்குள் சுரங்கத்தில் அமைத்து, கண்ணாடிகளைக் கடுங்குளிரில் வைக்க முயல்வது இதற்காகத்தான். ஒளியும் சீரான ஓட்டமாக வருவதில்லை. துகள் துகளாக, முன்பின்னாக வருகிறது. இந்தக் குவாண்டம் இரைச்சலைக் குறைக்க 2019 முதல் ஒளியின் இயல்பையே இறுக்கிப் பிடிக்கும் உத்தியை லைகோ பயன்படுத்திவருகிறது.

இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் அலை

எவ்வளவு அடக்கியும் எஞ்சிய இரைச்சலுக்குள்தான் அலை ஒளிந்திருக்கும். அதை எடுக்க வழி ஒன்று உண்டு: எப்படிப்பட்ட அலை வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு கருந்துளைகள் நெருங்க நெருங்கச் சுற்றும் வேகம் கூடும். அலையின் சுருதி ஏறும். மோதிய கணத்தில் உச்சம் தொட்டு அடங்கும். எந்த எடைகளுக்கு எந்த வடிவம் என்று பல்லாயிரம் மாதிரிகளைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தரவின் மேல் நகர்த்திப் பொருத்திப் பார்க்கிறார்கள்.

இந்த இடத்தில் இந்தியர்களின் பங்கு பெரியது. பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தின் பாலா ஐயர் பிரெஞ்சு, அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1990-களில் அந்த அலை வடிவங்களை நுணுக்கமாகக் கணக்கிட்டார். பூனாவில் சஞ்சீவ் துரந்தரும் பி.எஸ். சத்தியப்பிரகாஷும் மாதிரிகளைப் பொருத்தித் தேடும் முறைக்கு அடித்தளமிட்டார்கள். சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தில் கே.ஜி. அருண் முதலானோர், கிடைத்த அலை ஐன்ஸ்டைன் சொன்னபடியே இருக்கிறதா என்று சோதிக்கும் வழிகளை வளர்த்தார்கள்.

2015 செப்டம்பர் 14. நம் கடிகாரத்தில் பிற்பகல் 3.20. லிவிங்ஸ்டனில் ஓர் அலை பதிவாயிற்று. ஆயிரத்தில் ஏழு விநாடி கழித்து ஹான்ஃபோர்டிலும் அதே வடிவம். மொத்தம் 0.2 விநாடி நேரம். அதற்குள் சுருதி 35 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸுக்கு ஏறி அடங்கிவிட்டது. சூரியனைப்போல் 36 மடங்கும் 29 மடங்கும் எடையுள்ள இரண்டு கருந்துளைகள் மோதி 62 மடங்கு எடையுள்ள ஒன்றாயின. குறைந்துபோன 3 சூரியன்களின் எடை முழுதும் ஈர்ப்பலையாகக் கிளம்பியது. அந்தக் கணத்தில் அதன் திறன், காணக்கூடிய பிரபஞ்சத்தின் எல்லா விண்மீன்களும் சேர்ந்து உமிழும் ஒளியைவிட அதிகம். புறப்பட்டு 130 கோடி ஆண்டு கழித்து நம்மை எட்டியது.

அவர்கள் உடனே அறிவிக்கவில்லை. இரைச்சல் தற்செயலாக இப்படி ஒரு வடிவத்தைக் காட்டியிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டார்கள். அதற்கு ஓர் எளிய வழி: ஒரு கருவியின் பதிவை மற்றதற்கு எதிரே சில விநாடிகள் தள்ளி வைப்பது. அப்போது உண்மையான அலை எதுவும் ஒத்துப்போக முடியாது, ஒத்துப்போவதெல்லாம் தற்செயல். இப்படி ஏறத்தாழ ஒரு கோடி முறை தள்ளிவைத்துப் பார்த்ததில், இவ்வளவு வலுவான தற்செயல் 2,03,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைகூட வராது என்று தெரிந்தது. அதன் பிறகே 2016 பிப்ரவரி 11-இல் உலகுக்குச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு வைஸ், கிப் தோர்ன், பாரி பேரிஷ் மூவருக்கும் நோபல் பரிசு.

கேட்டதில் தெரிந்தது

நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்களைத் தட்டினால் ஒவ்வொன்றும் தனக்குரிய சுரத்தில் ஒலிக்கிறது. அந்தச் சுரத்தைத் தட்டியவர் தீர்மானிப்பதில்லை. தூணின் நீளமும் பருமனும் கல்லின் உறுதியும் தீர்மானிக்கின்றன. மோதிப் பிறந்த கருந்துளையும் அப்படியே. மோதலின் அதிர்ச்சியில் அது தனக்குரிய சுருதிகளில் அதிர்ந்து அடங்குகிறது. அந்தச் சுருதிகளை அதன் எடையும் சுழற்சியும் மட்டுமே தீர்மானிக்கின்றன. எனவே சுருதியைக் கேட்டால் கருந்துளையை எடைபோடலாம்.

கருந்துளை இப்படி அதிரும் என்று 1970-இல் கணக்கிட்டுக் காட்டியவர் பெங்களூரைச் சேர்ந்த சி.வி. விஸ்வேஸ்வரா. அந்தச் சுருதிகளை 1975-இல் ஸ்டீவன் டெட்வைலருடன் சேர்ந்து விரிவாகக் கணக்கிட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-இல் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் விண்மீன்களின் எடை வரம்பைக் கண்ட அதே சந்திரசேகர். கருந்துளை இருக்கிறதா என்றே பலர் ஐயப்பட்ட காலத்தில் போட்ட கணக்கு அது. 2025 ஜனவரி 14-இல் அதுவரை கிடைத்தவற்றிலேயே மிகத் தெளிவான அலை வந்தபோது அந்த அதிர்வுகள் துல்லியமாகத் தெரிந்தன. மோதலுக்கு முன் இரண்டு கருந்துளைகளின் பரப்பு மொத்தம் 2,40,000 சதுர கி.மீ.; பின்பு சேர்ந்த ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 4,00,000 சதுர கி.மீ. கருந்துளையின் பரப்பு ஒருபோதும் குறையாது என்று 1971-இல் ஸ்டீபன் ஹாக்கிங் சொன்னது இதில் நிலைநாட்டப்பட்டது.

இரண்டாவது பாடம் தங்கத்தைப் பற்றியது. 2017 ஆகஸ்ட் 17-இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அலை ஏறத்தாழ 100 விநாடி கேட்டது. மோதலுக்கு ஒரு விநாடிக்குச் சற்று முன்னால் லிவிங்ஸ்டன் கருவியில் பெரிய இரைச்சல் ஒன்று புகுந்துவிட்டது. அது இரைச்சல்தான் என்று அடையாளம் கண்டு, நீக்கி, மிஞ்சியதைப் படித்தார்கள். மோதிய 1.7 விநாடி கழித்து ஃபெர்மி செயற்கைக்கோள் ஒரு காமாக்கதிர் வெடிப்பைப் பதிவுசெய்தது. வர்கோவும் சேர்ந்து திசையைக் குறுக்கிக் கொடுக்க, தொலைநோக்கிகள் தேடி, 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீன் மண்டலம் ஒன்றில் புதிய ஒளிப்புள்ளியைக் கண்டன. அந்த ஒளியின் போக்கு, கனமான தனிமங்கள் அங்கே புதிதாக உருவாகிச் சிதறுவதைக் காட்டியது. தங்கம் பிறக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களின் தங்கமும், கூடங்குளத்தில் பிளவுபடும் யுரேனியமும், சூரியன் பிறப்பதற்கு முன்பே இத்தகைய வெடிப்புகளில் உருவாகிப் பூமி திரண்டபோது அதில் கலந்தவை.

மூன்றாவது, பிரபஞ்சம் விரியும் வேகம். அலையின் வடிவத்திலிருந்து அதன் உண்மையான வலிமை தெரியும். நமக்கு வந்து சேர்ந்த வலிமையோடு ஒப்பிட்டால் தூரம் தெரியும். வேறு எந்த அளவுகோலும் வேண்டாம். 1986-இல் பெர்னார்டு ஷுட்ஸ் சொன்ன வழி இது. பிற முறைகள் இரண்டு வெவ்வேறு விடை தந்து மோதிக்கொண்டிருக்கும் வேளையில் இது மூன்றாம் சாட்சி. 2017-இன் ஒற்றை நிகழ்வு தந்த விடையில் பிழை வரம்பு பெரிது. இன்னும் பல நிகழ்வுகள் சேர்ந்தால் வழக்கு தீரும்.

ஒளியால் பின்தொடர்வதிலும் பிரித்தறியும் வேலை உண்டு. 2017 ஜனவரி 4-இல் ஓர் ஈர்ப்பலை வந்தது. அது வந்திருக்கக்கூடிய வானப்பகுதியில் மங்கிவரும் ஒளிப்புள்ளி ஒன்றைத் தொலைநோக்கியில் கண்டு, இதுவே அதன் ஒளியோ என்று வியந்தார்கள். நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் அதே பகுதியில் மறுநாள் ஒரு காமாக்கதிர் வெடிப்பைப் பதிவுசெய்திருந்தது. அந்த ஒளி அந்த வெடிப்பின் மிச்சம், ஈர்ப்பலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தெளிந்தது. முதல் ஈர்ப்பலை வந்த இரண்டு வாரத்தில், 2015 செப்டம்பர் 28-இல், ஆஸ்ட்ரோசாட்டை ஏற்றிச் சென்றது பி.எஸ்.எல்.வி. ராக்கெட். அதன் இரண்டாம் கட்டத்தை இயக்கும் விகாஸ் எந்திரம், நம் மாவட்டத்து மகேந்திரகிரி வளாகத்தில் எரித்துச் சோதிக்கப்படும் எந்திரம்.

லைகோ கேட்பது விநாடிக்குப் பல பத்து, பல நூறு முறை அதிரும் அலைகளை. ஓர் அதிர்வுக்கே ஆண்டுகள் எடுக்கும் அலைகளும் உண்டு. அவற்றுக்கு விண்மீன் மண்டலமே கருவி. துல்லியமாகத் துடிக்கும் பல்சார் என்ற விண்மீன்களின் துடிப்பு முன்பின்னாவதைப் பல ஆண்டுகள் அளந்து, அத்தகைய அலைகளுக்கான சான்றை 2023 ஜூனில் பல நாட்டுக் குழுக்கள் அறிவித்தன. அவற்றில் ஐரோப்பியக் குழுவுடன் சேர்ந்து அறிவித்தது இந்தியப் பல்சார் குழு. அதன் தொடக்க அவதானிப்புகளில் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியும் பங்குபெற்றது.

ஹிங்கோலியும் நெல்லையும்

உண்மையான இந்தியக் கருவி மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் ஔண்டா நாகநாத் அருகே அமைகிறது. கடலிலிருந்து விலகிய தக்காண உள்நாடு அது. மூன்று கடலும் காற்றாலைகளும் ரயிலும் சூழ்ந்த நம் பள்ளத்தாக்கைப் பற்றி இதுவரை பார்த்தவற்றை நினைத்தால் காரணம் தானே விளங்கும். முதல் அறிவிப்பு வந்த ஒரு வாரத்துக்குள், 2016 பிப்ரவரி 17-இல், மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. 2023 ஏப்ரலில் 2,600 கோடி ரூபாய்க்கு முழு ஒப்புதல் கிடைத்தது. பூமியின் இந்தப் பக்கத்தில் ஒரு கருவி வந்தால், அலை ஒவ்வோர் இடத்தையும் தொடும் நேர வித்தியாசத்திலிருந்து அது வந்த திசையை இன்னும் பல மடங்கு துல்லியமாகச் சொல்லலாம். தொலைநோக்கிகள் எங்கே பார்ப்பது என்று அலைய வேண்டாம்.

அந்தக் கருவிக்கு ஆள் வேண்டும். கோட்பாடு எழுதுகிறவர்கள் சிலர் போதும். வெற்றிடக் குழாயைக் கசிவில்லாமல் பற்றவைக்கிறவர்கள், கண்ணாடி மெருகேற்றுகிறவர்கள், ஊசல் தொங்கவிடுகிறவர்கள், நில அதிர்வும் காந்தமும் அளக்கிறவர்கள், தரவில் காக்கையையும் ரயிலையும் இனம் காண்கிறவர்கள் நிறைய வேண்டும். பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலும் நெல்லை அரசு பொறியியல் கல்லூரியிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு எட்டாத வேலை இதில் எதுவுமில்லை.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. லைகோவின் பதிவுகள் இணையத்தில் பொதுவாக வைக்கப்பட்டிருக்கின்றன. 2015 செப்டம்பர் 14-இன் அந்த 0.2 விநாடியையும் யாரும் இறக்கிக்கொண்டு தாமே சலித்துப் பார்க்கலாம். 2016 முதல் ‘கிராவிட்டி ஸ்பை’ என்ற திட்டத்தில் பொதுமக்கள் இரைச்சல்களின் படங்களைப் பார்த்து வகை பிரித்துத் தருகிறார்கள். அவர்கள் கண்டு பெயரிட்ட புதிய இரைச்சல் வகைகளும் உண்டு. திரை ஆங்கிலத்தில் இருக்கிறது என்பது மட்டுமே தடை. அம்பையிலோ ஆலங்குளத்திலோ ஓர் அறிவியல் ஆசிரியர், வாரம் ஒரு வகுப்பு ஒதுக்கி, இந்தப் படம் இன்னது, அந்தப் படம் இன்னது என்று தமிழில் சொல்லித்தந்தால் அந்தத் தடையும் நீங்கும். பிரபஞ்சத்தை அறியும் வேலையில் மிகப் பொறுமை கோரும் பகுதி அது. அதனாலேயே எல்லோருக்கும் இடமுள்ள பகுதியும் அதுதான். நெல்லை ஆசிரியர்கள் இந்த ஆண்டே அதைத் தொடங்க வேண்டும்.